சேர்மானமும் பக்குவமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பீர் எனப்படும் பார்லி மதுவை வீட்டில் வடிப்போர், அதன் மணத்திற்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைச் சொன்னதும் முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வதைக் காண்கிறேன். தமிழ்ச் சங்கத்து மேடையில் மது வடிக்கும் பேச்சா என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. முதலிலேயே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். கொல்லம் ஆண்டு 1077-இல் இயற்றப்பட்ட அப்காரிச் சட்டம் இம்மாநிலத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி வீட்டில் மது வடிப்பது அச்சட்டப்படி குற்றம். கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் இடும் திராட்சை மதுவும் அதற்கு விலக்கன்று. ஆகவே எவரையும் வடிக்கச் சொல்லவும், குடிக்கச் சொல்லவும் நான் இங்கு நிற்கவில்லை.

பின் எதற்காக இப்பேச்சு? இரண்டு காரணங்கள் உண்டு. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். இங்கிலாந்தில் 1963 முதல் உரிமம் இன்றியே வீட்டில் பீர் வடிக்கலாம். அமெரிக்க நாட்டரசு 1978-இல் இயற்றிய சட்டமும் அதற்கு இடம் தந்தது. அங்கே அது தோட்டம் போடுவது போன்ற ஒரு பொழுதுபோக்கு. பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும் செய்தி நமக்குப் புரிய வேண்டும் என்பது முதற் காரணம். ஒரு பானத்தில் எதைச் சேர்க்கிறோம், எப்போது சேர்க்கிறோம், எதற்காகச் சேர்க்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் இப்பூவின் கதை நல்ல பாடமாக அமைகிறது என்பது இரண்டாவது காரணம். அம்மூன்று கேள்விகளும் நம் எல்லைப்புறத்து வாழ்வோடு எவ்வளவு நெருங்கியவை என்பதை இறுதியில் கூறுவேன்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடி. குளிர்காலத்தில் தண்டு பட்டு, வேர் உறங்கி, வேனிலில் மீண்டும் தழைத்து ஏறும் இயல்புடையது. இதில் ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனி. பெண்கொடியில் பச்சை நிறத்துப் பூங்கொத்துகள் செதில் செதிலாக, சிறு கூம்பு வடிவில் தொங்கும். செதிலைப் பிரித்தால் அடியில் மஞ்சள் நிறத் தூள் ஒட்டியிருக்கும். கைப்பும் மணமும் அத்தூளில்தான் அடங்கியுள்ளன. தாவர நூலார் இக்கொடியைக் கஞ்சாச் செடியின் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். ஆயினும் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. பீரின் போதை, பார்லி முளையின் சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்வதால் வருவது. அதில் ஹாப்ஸுக்குப் பங்கில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

போதை தராத பூவை மதுவில் ஏன் சேர்த்தார்கள்? ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலம் ஹாப்ஸ் இல்லாமலே பீர் வடித்தனர். பல காட்டுத் தழைகளின் கலவையை மணத்திற்காக இட்டனர். பிரான்சு நாட்டில் கோர்பி மடத்துத் தலைவர் அடலார்டு 822-ஆம் ஆண்டு எழுதிவைத்த ஒழுங்குமுறைகளில் ஹாப்ஸ் பேசப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்டு என்னும் துறவியார், இதன் கைப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று எழுதினார். அவர் கண்டது உண்மை. பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் பீரில் புகுந்தால் அது புளித்துக் கெடும். ஹாப்ஸின் கைப்பு அந்நுண்ணுயிர்களைத் தடுத்து, ஈஸ்டை மட்டும் தன் வேலையைச் செய்ய விடுகிறது. 1516-இல் பவேரிய நாட்டரசு, பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றையன்றி வேறொன்றும் பீரில் சேரலாகாது என்று ஆணையிட்டது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்கள் ஆப்பிரிக்க முனையைச் சுற்றி, வெப்பக் கடல்களைக் கடந்து, பல மாதங்கள் கழித்தே சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தன. அந்நெடும் பயணத்தில் பீர் கெட்டுவிடும். இலண்டனின் போ பகுதியில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் என்பவரும், பின்னர் பர்ட்டன் நகரத்து ஆலையினரும், ஹாப்ஸை மிகுதியாகச் சேர்த்த பீரை இந்தியாவுக்கு அனுப்பினர். பீப்பாயை மூடுமுன் உலர்ந்த பூவையும் ஒரு பிடி உள்ளே இட்டனர். 'இந்தியா' என்ற பெயர் தாங்கிய பீர் வகை இன்றும் உலகெங்கும் விற்கப்படுவதற்கு இவ்வணிகமே காரணம். காவலுக்கென்று மிகுதியாக இட்ட பொருள் நாளடைவில் சுவைக்கென்று விரும்பப்படுவதாயிற்று.

இனிப் பக்குவத்திற்கு வருகிறேன். தாய்மார்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஹாப்ஸில் இருவகைப் பொருள்கள் உண்டு. ஒன்று கைப்புத் தரும் அமிலம். அது தண்ணீரில் எளிதில் கரையாது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதித்தால்தான் உருமாறி, கரைந்து, கைப்பை முழுவதும் தரும். மற்றொன்று மணம் தரும் எண்ணெய். அதன் இயல்பு நேர்மாறானது. கொதித்தால் ஆவியோடு பறந்துவிடும். எனவே ஒரே பூவை மூன்று வேளைகளில் மூன்று பயனுக்காக இடுகின்றனர். கொதி தொடங்கும்போது இட்டால் கைப்பு. கொதி முடியக் கால் மணி இருக்கையில் இட்டால் சுவையும் சிறிது மணமும். அடுப்பை அணைத்தபின் இட்டால் மணம் மிகும். இவற்றையும் கடந்து, நொதித்து அடங்கிய குளிர்ந்த பீரில் உலர்ந்த பூவை இட்டு மூன்று நான்கு நாள் ஊறவைப்பதும் உண்டு. இம்முறையில் கைப்பு அதிகம் ஏறாது. பறித்த பூவின் மணம் அப்படியே பானத்தில் இறங்கும். 20 லிட்டர் பானத்திற்கு 50 கிராம் பூ என்பது வீட்டில் வடிப்போர் பலர் கொள்ளும் அளவு. மணம் வேண்டுமென்று நாள்கணக்கைக் கூட்டினால் பச்சைப்புல் வாடை வந்து சேரும். பூவில் உள்ள நொதிகள் அடங்கிய நொதிப்பை மீண்டும் கிளப்புவதும் உண்டு. அதை அறியாமல் அவசரப்பட்டுக் குப்பியில் அடைத்தால் குப்பி வெடிக்கும். மணம் சேர்ப்பதற்குப் பொறுமையும் வேண்டும், அளவும் வேண்டும்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதா? ரசத்தில் புளியும் பருப்புநீரும் முதலில் கொதிக்கின்றன. கொத்தமல்லித் தழை இறக்கும்போது விழுகிறது. பாயசத்தில் ஏலக்காய்ப் பொடியை அரிசியோடு சேர்த்து வேகவைக்கும் பெண்மணி எவரும் இலர். எது கொதியைத் தாங்கும், எது தாங்காது என்பதை நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே அறிந்திருந்தனர். வேதியியல் இன்று சொல்வது இன்னும் வியப்பானது. ஹாப்ஸின் மணத்தில் உள்ள லினலூல் என்னும் பொருள்தான் நம் கொத்தமல்லி விதையின் மணத்திற்கும் முதன்மையானது. ஹாப்ஸில் உள்ள கேரியோபிலீன் நம் மிளகிலும் கிராம்பிலும் உண்டு. பெல்ஜிய நாட்டார் தங்கள் கோதுமைப் பீரில் கொத்தமல்லி விதையையே இடித்துச் சேர்க்கின்றனர்.

வீட்டில் மது வடித்த வழக்கமும் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை என்னும் சேர்மானத்தைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. வீட்டில் ஆக்கிய நெல்லின் கள்ளைத் தோப்பி என்ற பெயரால் குறிப்பதும் அந்நூலே. அதைப் போற்றிப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக இதை நான் கூறவில்லை. செய்முறையை அளவோடும் நாளோடும் பதிவுசெய்த மரபு நம்முடையது என்பதற்காகக் கூறுகிறேன்.

அம்மரபின் ஒரு கிளை இன்றும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மகப்பேற்றுக்குப்பின் தாய்மார்களுக்கு இம்மாநிலத்தில் கொடுக்கப்படும் தசமூலாரிஷ்டத்தை அறியாதவர் இங்கு இருக்கமாட்டார்கள். அரிஷ்டம் என்பது நொதிக்கவைத்த மருந்து. அதில் சேரும் தாதகிப்பூவை, மலையாளத்தில் தாதிரிப்பூ என்பர். தமிழில் காட்டாத்திப்பூ என்றும் கூறுவர். நம் மேற்கு மலைத்தொடரில் செந்நிறமாகப் பூக்கும் செடி அது. ஹாப்ஸ் அங்கே செய்யும் பணியை ஒத்த ஒரு பணியை இப்பூ இங்கே செய்கிறது. இதன் துவர்ப்பு பானத்தைத் தெளிவிக்கிறது. பூவோடு ஒட்டிவரும் இயற்கை ஈஸ்ட் நொதிப்பைத் தொடங்கிவைக்கிறது. வைத்தியர் கையாளும் வரிசையைக் கவனியுங்கள். வேரும் பட்டையும் முதலில் நீரில் கொதித்துக் குறுகும். கஷாயம் ஆறும். வெல்லமும் தேனும் சேரும். அதன்பின்னரே தாதகிப்பூவும், ஏலம், இலவங்கப்பட்டை முதலிய மணப்பொடிகளும் விழும். பிறகு பானையின் வாய் மூடப்படும். வன்மையான பொருள் கொதியில், மென்மையான பொருள் குளிர்ச்சியில் என்ற அதே விதிதான். பவேரியாவிலும் நம் நாட்டிலும், ஒருவரையொருவர் அறியாமலே, மக்கள் இதைக் கண்டிருக்கின்றனர்.

பாலக்காட்டுப் பகுதியில் வாழ்வோர்க்கு மற்றொரு சான்று கண்முன்னே உள்ளது. பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சுண்ணாம்புப் பூச்சுத்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து இறங்கும் இனிய நீர் நொதிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். இலங்கையில் தென்னம்பாணி காய்ச்சுவோர் 'ஹல்' மரத்தின் பட்டைத் துண்டுகளைக் கலயத்தில் இட்டு இதே பயனைப் பெறுகின்றனர். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் வெள்வேலம்பட்டை வெல்ல ஊறலில் சேர்க்கப்பட்டது. பட்டைச் சாராயம் என்ற சொல் அவ்வழக்கத்தை நினைவூட்டுவது.

சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளிலிருந்து இறக்கப்படும் கள், இம்மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் வண்டியேறிச் செல்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை. கொழிஞ்சாம்பாறையிலும் கோபாலபுரத்திலும் ஒரே காற்றில் அசையும் தோப்பில் இப்பக்கத்து மரம் ஏறப்படும். அப்பக்கத்து மரம் ஏறப்படுவதில்லை. மரம் ஏறும் தொழிலாளருள் தமிழ் பேசுவோர் உண்டு. பாளையைத் தட்டும் கையின் கணக்கும், சீவும் கத்தியின் கோணமும், சுண்ணாம்பின் அளவும் அவர்களது கல்வி. அதை எழுதிவைத்தவர் மிகச் சிலரே.

இடுக்கியில் ஹாப்ஸ் விளையுமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தேவிகுளத்தின் குளிரைக் கண்டால் விளையும் என்றே தோன்றும். குளிரைப் போலவே பகலின் நீளமும் இக்கொடிக்கு இன்றியமையாதது. ஹாப்ஸ் நன்கு விளையும் ஜெர்மனியில் கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும். ஏறத்தாழ 10 பாகை அகலாங்கில் உள்ள நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலும் 12 மணி 45 நிமிட அளவே. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்பட்டுள்ளது. பிரேசிலில் இரவில் விளக்கொளி கூட்டி வளர்க்கின்றனர். நமக்கு அத்தொல்லை வேண்டியதில்லை. உடும்பன்சோலையும் வண்டன்மேடும் தரும் ஏலக்காய் இருக்கிறது.

ஏலத்தைக் களையெடுத்து, காய் பறித்து, உலர்த்தித் தரம்பிரிக்கும் கைகளில் பெரும்பாலானவை நம் தமிழ்ப் பெண்களின் கைகள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் வண்டியேறி மலைக்கு வருவோர் பலர். அவர்கள் பறித்த காயின் மணத்தை நாம் வீணாக்கலாமா? ஏலத்தின் மணமும் ஹாப்ஸைப் போல் பறந்துபோகும் எண்ணெய்தான். தோல் அதற்குக் காவல். பொடித்து டப்பியில் வைத்தால் சில வாரங்களில் மணம் மங்கும். முழுக்காயாகவே காற்றுப் புகாமல் வைத்து, வேண்டும்போது தட்டுங்கள். தேநீருக்குத் தோலைக் கொதியில் இடலாம். விதையை இறக்கும்போது இட்டு ஒரு நிமிடம் மூடிவையுங்கள். மூணாற்றுத் தேயிலையும் இடுக்கி ஏலமும் ஒரே குவளையில் சேரும்போது, சட்டமும் தடுக்காத, உடலும் வெறுக்காத பானம் ஒன்று நமக்குக் கிடைக்கிறது.

அன்பர்களே, இதுவரை எதை, எப்போது என்ற இரண்டு கேள்விகளைப் பார்த்தோம். எதற்காக என்ற மூன்றாவது கேள்விதான் என்னை இம்மேடைக்கு அழைத்துவந்தது. ஹாப்ஸ், தாதகிப்பூ, சுண்ணாம்பு, ஹல் பட்டை ஆகியவை பானத்தைக் காக்கவோ, பக்குவப்படுத்தவோ, மணக்கச் செய்யவோ சேர்க்கப்பட்டவை. ஒன்றுகூடப் போதையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டதன்று. பேராசை கொண்டோர் சேர்ப்பது வேறு வகை. கள்ளில் மயக்க மருந்தைக் கலப்பதும், ஆலைகளுக்கான எரிசாராயத்தைக் குடிக்கத் தருவதும் சேர்மானம் என்ற சொல்லுக்கே இழுக்கு. 1982-இல் வைப்பீன் தீவில், ஓணத் திருநாளில், நச்சுச் சாராயம் 70-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2020 அக்டோபரில் நம் வாளையாற்றை அடுத்த பழங்குடிக் குடியிருப்பில் 5 பேர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கள்ளக்குறிச்சியில் உயிர் குடித்தது மெதனால் என்னும் எரிசாராயம். அது எத்தகையது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டும். நிறத்தாலும் மணத்தாலும் அதைச் சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் பெரும் துன்பம் தோன்றாமல் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குதல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். மோரும் எலுமிச்சையும் கொடுத்துப் படுக்கவைப்பது உயிருக்கே கேடாய் முடியும். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. வெட்கத்தாலோ, காவல்துறைக்கு அஞ்சியோ காலம் தாழ்த்திய குடும்பங்களில்தான் கண்ணும் உயிரும் அதிகம் போகின்றன. குடித்தவர்மேல் உள்ள சினத்தை ஒரு நாள் ஒத்திவையுங்கள். முதலில் அவரைக் காப்பாற்றுங்கள்.

நாள்கூலி பெற்றுத் திரும்பும் உழைப்பாளி, விலை குறைந்ததையும் விரைவில் மயக்குவதையும் தேடுகிறார். அந்தத் தேட்டத்தில்தான் நச்சு வணிகன் புகுகிறான். நம் குடியிருப்புகளின் தாய்மார் எத்தனையோ பேர் கூலிநாளின் மாலையில் வாயிலைப் பார்த்துக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நான் மதுவிலக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் ஒன்று செய்யலாம். சம்பள நாளின் மாலையில் சங்கக் கூடத்தைத் திறந்துவையுங்கள். சுக்குக் காப்பியும் ஏலத் தேநீரும் பதநீர்க் காலத்தில் பதநீரும் அங்கே கிடைக்கட்டும். நாளிதழும் நல்ல நூல்களும் இருக்கட்டும். பெரிய சீர்திருத்தமாக அது தோன்றாமல் இருக்கலாம். ஒரு குடும்பத்தின் ஒரு மாலையேனும் அதனால் காக்கப்படும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாட்டியிடமும், மரம் ஏறும் பெரியவரிடமும், ஏலத் தோட்டத்து அத்தையிடமும் ஒரு குறிப்பேட்டோடு சென்று அமருங்கள். எதைச் சேர்க்கிறீர்கள், எப்போது சேர்க்கிறீர்கள், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கோர்பி மடத்துத் தலைவர் எழுதிவைத்ததால் 1200 ஆண்டுகள் கழிந்தும் நாம் அறிகிறோம். நம் அறிவு அவர்களுடையதற்குக் குறைந்ததன்று. எழுதப்படாமல் இருப்பதே அதன் குறை. அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்புகள் அச்சேறட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!